பேச்சை வைத்து அளக்காதீர்கள்: புதிதாக வந்த பதின்வயதுப் பிள்ளையின் ஆங்கிலமும் நாம் செய்யும் தவறுகளும்

ஆங்கிலம் பேசும் நாட்டுக்குக் குடிவந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உதவ உட்காரும் எல்லோரும் முதலில் கவனிப்பது, வாயைத் திறக்கிறதா என்பதைத்தான். திறக்காவிட்டால் பதறுகிறோம். இரண்டு வருடத்தில் கடகடவென்று பேச ஆரம்பித்ததும் "இனிக் கவலையில்லை" என்று விட்டுவிடுகிறோம். இரண்டுமே தவறு, ஆனால் அதிகம் கெடுப்பது பின்னதுதான்.

நண்பர்களோடு அரட்டை அடிக்கும் ஆங்கிலமும் பாடப்புத்தக ஆங்கிலமும் ஒன்றல்ல. கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். முதலாவது ஏறக்குறைய 2 வருடத்தில் கைவந்துவிடும். இரண்டாவதில் உடன் படிப்பவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 வருடம் வரை ஆகலாம் என்பது அவருடைய ஆய்வுகளில் தெரிந்த கணக்கு. பதினைந்து வயதில் வந்த பிள்ளைக்குப் பள்ளியில் அத்தனை வருடம் மிச்சமில்லை. அதனால் "முதலில் ஆங்கிலம் வரட்டும், பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடவும் வழியில்லை. பாடத்தை வைத்தே மொழியைச் சொல்லித்தர வேண்டும்.

அப்படிச் சொல்லித்தரும்போதும் தவறான சொற்களில் நேரத்தைக் கொட்டுகிறோம். ஒளிச்சேர்க்கையைத் தாய்மொழியில் படித்துவிட்டு வந்தவனுக்கு 'ஃபோட்டோசிந்தசிஸ்' ஒரு புதுப் பெயர், அவ்வளவுதான். பொருள் ஏற்கெனவே தலைக்குள் இருக்கிறது. ஆசிரியரும் அதைப் பலகையில் எழுதி விளக்கிவிடுவார். யாரும் விளக்காமல் தாண்டிப்போவது 'அன்லெஸ்', 'வேர்அஸ்', 'தேர்ஃபோர்' மாதிரி வாக்கியத்தைக் கோக்கும் சொற்களை. தெரிந்த சொல் வேறு வேடத்தில் வருவது இன்னொரு வில்லங்கம். 'டேபிள்' என்றால் மேசை என்று படித்தவன் கணக்கில் அட்டவணையைச் சந்திக்கிறான். 'பவர்' மின்சாரமாக இருந்தது அடுக்குக்குறியாகிறது. 'வால்யூம்' ஒலியளவாக இருந்தது கனஅளவாகிறது. தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டுவான். தெரிந்ததாக நினைக்கும் சொல்லுக்கு யார் புரட்டுவார்கள்?

எல்லாப் பாடங்களிலும் திரும்பத் திரும்ப வரும் கல்விச் சொற்களை நியூசிலாந்தைச் சேர்ந்த மொழி ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் பட்டியலாகத் தொகுத்து வெளியிட்டார். 570 சொற்குடும்பங்கள். 'அனலைஸ்', 'எஸ்டாப்ளிஷ்', 'சிக்னிஃபிகன்ட்' எல்லாம் அதில் உண்டு. பட்டியலை நெட்டுரு போட வைக்காதீர்கள். அன்றைய பாடத்தில் அதிலுள்ள சொல் வந்தால் அங்கேயே நின்று, பிள்ளையைச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். தேர்வுத்தாளில் 'டிஸ்க்ரைப்' என்றால் இருப்பதை விவரிக்க வேண்டும், 'எக்ஸ்பிளைன்' என்றால் காரணம் சொல்ல வேண்டும் என்பதையும் பழைய வினாத்தாளை வைத்துக் காட்டுங்கள். விடை தெரிந்தும் மதிப்பெண் போகும் இடம் இது.

இனி, பேசாத பிள்ளை. புது மொழிக்குள் வந்தவர்களில் பலர் கொஞ்ச காலம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். அதைத் திமிர் என்றோ மந்தம் என்றோ எடுத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் "எங்கே, இங்கிலீஷில் சொல்லு பார்ப்போம்" என்று நிறுத்தினால், பதின்வயதுக் கூச்சமும் சேர்ந்து இன்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்வார்கள். கேள்வி கேட்டால் பொறுத்திருங்கள். அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது ஏறக்குறைய 1 வினாடி. அதை 3 வினாடிக்குமேல் ஆக்கியபோது பதில்கள் நீண்டன, தரமும் கூடியது. மனசுக்குள் இரண்டு மொழிக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தலையாட்டல்தான் கிடைக்கும்.

திருத்துவதில் ஆளாளுக்கு ஒரு வெறி. 'ஹி கோ' என்று சொன்னதும் 'கோஸ்' என்று பாய்வோம். வருகிறான், வருகிறாள், வருகிறது என்று தமிழில் அழகாகப் பிரித்துச் சொல்லும் பிள்ளைக்கு இந்த ஒரு 'ஸ்' வராதா என்று எரிச்சல்கூட வரும். வராது, இப்போதைக்கு. ஸ்பானிய, சீனக் குழந்தைகள் ஆங்கிலம் கற்றதை 1970களில் ஆராய்ந்த டூலே, பர்ட் இருவரும், 'இங்' விகுதி சீக்கிரம் வருவதையும் இந்த 'ஸ்' மிகவும் பிந்தி வருவதையும் கண்டார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும், தமிழில் இல்லாத 'எ', 'தி' இரண்டும் இன்னும் பல வருடம் இழுத்தடிக்கலாம். பொருளைக் குழப்பும் பிழையை மட்டும் ஒரு தடவைக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்வதே போதும் என்பேன். அதையும் நீங்களே சரியாகச் சொல்லிக்காட்டிவிட்டு நகராதீர்கள். லிஸ்டர், ரான்டா இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட முறை அதுதான். மாணவர் காதில் மிகக் குறைவாக ஏறியதும் அதுவே. "திரும்பச் சொல்லு" என்று அவனையே திருத்த விடுங்கள்.

மழலையர் பாட்டும் படப்புத்தகமும் வேண்டாம். எளிய ஆங்கிலத்தில் பெரியவர் விஷயம் பேசும் படிநிலை வாசிப்பு நூல்கள் நூலகங்களில் கிடைக்கும். கிரிக்கெட், கொலை மர்மம், எதுவானாலும் அவர்கள் எடுக்கட்டும்.

"வயது தாண்டிவிட்டது" என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள். நெதர்லாந்தில் டச்சு கற்ற ஆங்கிலம் பேசுபவர்களை ஸ்னோ, ஹூஃப்னாகல்-ஹூலே என்ற ஆய்வாளர்கள் 1978இல் ஒப்பிட்டபோது, முதல் சில மாதங்களில் முந்தியவர்கள் குழந்தைகள் அல்ல, 12 முதல் 15 வயதுக்காரர்கள்.

வீட்டில் தாய்மொழியை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்துக்கு மாறுவது நல்ல எண்ணத்தில் செய்யும் பெரிய நஷ்டம். வரலாற்றுப் பாடத்தையோ செய்தியையோ சொந்த மொழியில் வாதாடிப் பழகிய பிள்ளை அந்த யோசனையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும். சாப்பிட்டாயா, படித்தாயா என்பதோடு பேச்சு சுருங்கிய வீட்டிலிருந்து எதைக் கொண்டுபோகும்?

கடைசியாக ஒன்று. கொஞ்சம் ஆங்கிலம் வந்ததும் பிள்ளையைக் குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளராக்கி மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் கூட்டிப்போகிறோம். அம்மாவின் நோய்விவரத்தைப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது பாரம்; அங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஆசிரியரைச் சந்திக்கப் போகும்போதும் அப்படியே. தன் மதிப்பெண்ணைப் பற்றித் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை எதை விட்டுவிட்டுச் சொல்லும் என்பது உங்களுக்கே தெரியும்.