சைன் எக்ஸ் / எக்ஸ் எப்போதும் 1 ஆகிவிடாது

திரிகோணமிதி எல்லைக் (லிமிட்) கணக்குகளில் வரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. சைன் எக்ஸ் / எக்ஸ் என்றால் 1 என்று மனப்பாடம் செய்துகொள்கிறோம், கூட வரும் நிபந்தனைகளை விட்டுவிடுகிறோம். சைனுக்குள் இருப்பதும் பகுதியில் (வகுத்தல் கோட்டுக்குக் கீழே) இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அது பூச்சியத்தை நெருங்க வேண்டும். கோணம் ரேடியனில் இருக்க வேண்டும்.

எக்ஸ் பூச்சியத்தை நெருங்கும்போது சைன் 5எக்ஸ் / 3எக்ஸ் என்பதற்கு 1 என்று எழுதிவிடுபவர்கள் முதல் நிபந்தனையைப் பார்ப்பதில்லை. பகுதியிலும் 5எக்ஸ் வரும்படி மாற்றி எழுதினால் விடை 5/3. எக்ஸ் முடிவிலிக்குப் போனால் சைன் எக்ஸ் / எக்ஸின் எல்லை 0: மேலே இருப்பது −1க்கும் 1க்கும் நடுவிலேயே நிற்கிறது, கீழே இருப்பது வளர்ந்துகொண்டே போகிறது. கோணத்தைப் பாகையில் எடுத்தால் பூச்சியத்தில் எல்லை பை/180, அதாவது சுமார் 0.01745. கால்குலேட்டரில் சரிபார்க்கும்போது இந்த எண் வந்தால் கணக்கைச் சந்தேகிக்காதீர்கள், ரேடியனுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

இவற்றை விடப் பெரிய பொறி கழித்தலில் இருக்கிறது. (டேன் எக்ஸ் − சைன் எக்ஸ்) / எக்ஸ்³ என்ற கணக்கில், 'சிறிய கோணம்தானே' என்று இரண்டுக்கும் பதிலாக எக்ஸ் போட்டால் மேலே பூச்சியம், விடையும் பூச்சியம். ஆனால் எக்ஸ் = 0.1 என்று போட்டுப் பாருங்கள், 0.501 வருகிறது! டேனையும் சைனையும் எக்ஸ் என்று மாற்றும்போது நாம் தூக்கி எறிவது எக்ஸ்³ அளவுள்ள ஒரு சிறு துண்டு. பகுதியில் இருப்பதும் எக்ஸ்³தான். அப்படியானால் எறிந்த துண்டில்தான் விடையே இருந்தது. பெருக்கலிலும் வகுத்தலிலும் இந்த மாற்று செல்லும். கூட்டல் கழித்தலில் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது.

சரியான வழி, டேன் எக்ஸைப் பொதுக் காரணியாக எடுப்பது. அப்போது டேன் எக்ஸ் / எக்ஸ், (1 − கொசைன் எக்ஸ்) / எக்ஸ்² என்று இரு காரணிகள் கிடைக்கும். முன்னது 1. பின்னதை மேலும் கீழும் (1 + கொசைன் எக்ஸ்) ஆல் பெருக்கினால் 1/2. ஆக, விடை 1/2.

அப்புறம், லோபிதாலின் விதி: 0/0 வடிவம் வரும்போது மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியே வகையிட்டு எல்லை காணும் வழி. 0/0 வடிவமா என்று பார்க்காமலே பலர் வகையிடத் தொடங்குகிறார்கள். எக்ஸ் பூச்சியத்தை நெருங்கும்போது சைன் எக்ஸ் / (எக்ஸ் + 1) என்பதில் நேரடியாகப் பிரதியிட்டாலே 0 வந்துவிடும். விதியைப் போட்டால் 1 என்ற தவறான விடை கிடைக்கும்.