கீச் கீச்… சத்தம் பெல்ட்டிலா, வீலிலா?

மணக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீடு. ராத்திரி முழுக்கக் கடலோரம் நின்ற காரைக் காலையில் எடுத்தால் 'கிர்ர்' என்று உரசல். பயப்படாதீர்கள். உப்புக்காற்றுக்கு ஒரே இரவில், வீலோடு சுற்றும் பிரேக் டிஸ்க் மேல் லேசாகத் துரு படியும். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடே அதைத் துடைத்துவிடும். அதற்குப் பிறகும் சத்தம் விடவில்லை என்றால் மேலே படியுங்கள்.

படி 1: ஸ்பானரைத் தொடாதீர்கள், காதைத் தீட்டுங்கள்

காற்றில்லாத இடம் பாருங்கள். ஆரல்வாய்மொழியில் நின்றுகொண்டு கேட்டால் காற்றாலைச் சத்தம்தான் கேட்கும். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஆக்சிலேட்டரை மெல்ல மிதியுங்கள். நின்ற இடத்திலேயே கீச்சிட்டால், எஞ்சினோடு சுற்றி ஏசியையும் பேட்டரி சார்ஜையும் ஓட்டுகிற பெல்ட்டின் பக்கம். உருண்டால் மட்டும் வந்தால் வீல் பக்கம். எந்த வீல் என்று தெரிய, கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு மதில் ஓரமாக மெதுவாக ஓட்டுங்கள். அந்தப் பக்கத்துச் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வரும்.

படி 2: பெல்ட்

ஏசி, ஹெட்லைட் இரண்டையும் போடுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பெல்ட்டைப் பாருங்கள்: கண்ணாடி மாதிரி பளபளப்பு, வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், கூலண்ட் ஒழுகிய ஈரம். இதில் ஒன்று இருந்தாலும் பெல்ட்டை மாற்ற வேண்டியிருக்கும். ஒழுகல் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புது பெல்ட்டும் கத்தும்.

இனி தண்ணீர்ச் சோதனை. தோளில் கிடக்கும் தோர்த்துத் துண்டை வீட்டில் போட்டுவிட்டு வாருங்கள், வேட்டியும் வேண்டாம், பெல்ட்டில் சிக்கும். எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று, பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் அடங்கி, காய்ந்ததும் திரும்பி வந்தால், பெல்ட் சுற்றுகிற சக்கரமான புல்லி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் இன்னும் கத்தினால் பெல்ட்டின் இறுக்கம், அதாவது டென்ஷன், போதாது. திருகி முறுக்குகிற பழைய மாடலில் டென்ஷனை நாமே கூட்டலாம். தானே இறுக்கிக்கொள்ளும் ஆட்டோ டென்ஷனர் என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பெல்ட்டில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். நான் விட்டிருக்கிறேன், அதுவும் தேங்காயெண்ணெய்! அரைமணி நேரம் சொர்க்கம். அப்புறம் பெல்ட் வழுக்கி, சார்ஜ் ஏறாமல், தக்கலை தாண்டும்போது பேட்டரி லைட் எரிந்தது.

படி 3: வீல்

ஓடும்போது பிரேக்கை லேசாகத் தொடுங்கள். சத்தம் நின்றாலோ மாறினாலோ பேடைப் பாருங்கள். பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். மாற்றச் சொல்லத்தான் அந்தக் கத்தல். பேடின் கனம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். கத்துகிறதே என்று டிஸ்க்கில் எண்ணெய் விட்டால் பிரேக்கே பிடிக்காது.

பிரேக் தொட்டும் மாறாமல் தகரம் உரசுகிற சத்தமா? ஜல்லி லாரி போகிற ரோட்டில் ஓடியிருந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கும். கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டினால் சில நேரம் தானே விழுந்துவிடும்.

'ஊம்ம்' என்று வேகத்தோடு ஏறுகிற முனகல் என்றால், வீல் வழுக்கிச் சுழலத் தாங்குகிற பேரிங். இடது வளைவில் பாரம் வலது வீலுக்குப் போகும். அப்போது முனகல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங்தான். சமதரையில் ஜாக்கி போட்டு, மற்ற வீல்களுக்குக் கல் வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அந்த வண்டியைத் தூரம் ஓட்டாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக்கூடாது.

படி 4: பைக்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். செயினில் எண்ணெய் நிற்காது. மண்ணெண்ணெயில் துடைத்து, காயவிட்டு, 90 கிரேடு கியர் ஆயில் விட்டாலே பாதி கீச்சு போய்விடும்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன சொல்வது?

"சத்தம் வருது அண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பார். இப்படிச் சொல்லுங்கள்: "நிக்கும்போ இல்ல அண்ணே, ஓடும்போதான். பிரேக் தொட்டா நிக்குது. முன்னால இடது வீல்."