அரிதான குடும்பப்பெயரின் வேரையும் பரவலையும் கண்டறிவது எப்படி? ‘ஒண்டாச்சி’யை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

ஓர் அரிய குடும்பப்பெயர் எங்கே தோன்றியது, இன்று அதை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், அவர்கள் எந்தெந்த நாடுகளில் வாழ்கிறார்கள் என்று தேடப் புறப்படுகிறவர்களில் பலர், முதல் நாளே அந்தப் பெயரின் ஒலியை வைத்துப் பொருள் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி, பொருளைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பதுதான். அந்தப் பெயரைத் தாளில் எழுதிய எழுத்தர் யார், அவர் எந்த மொழியின் வழக்கப்படி எழுதினார், எந்த அலுவலகத்தின் பதிவேட்டில் எழுதினார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே பெயரின் வேரைப் பற்றிப் பேச முடியும்.

எடுத்துக்காட்டாக, கொழும்பில் வேரூன்றிப் பின்னர் நெதர்லாந்து, கனடா, இங்கிலாந்து எனப் பரவிய ‘ஒண்டாச்சி’ என்னும் குடும்பப்பெயரை எடுத்துக்கொள்கிறேன். 1992இல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சியால் உலகறிந்த பெயர் இது. ஆயினும் இதைத் தாங்குவோர் மிகச் சிலரே. தஞ்சாவூரோடு தொடர்புடைய பெயர் என்பதால் தமிழ் வாசகர்களுக்கு இதில் தனி ஈடுபாடு இருக்கும் என்றும் நம்புகிறேன்.

படி 1: எழுத்துக்கூட்டலைப் பிரித்துப் பாருங்கள்

பெயர் ஆவணத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, அப்படியே ஒவ்வோர் எழுத்தாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒண்டாச்சி என்பது ரோமன் எழுத்தில் (Ondaatje) ஓ, என், டி, ஏ, ஏ, டீ, ஜே, இ என்று எட்டு எழுத்துகளால் எழுதப்படுகிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இதை ‘ஒண்டாட்ஜே’ என்று படிப்பார். டச்சு வழக்கில் படித்தால் நிலைமை வேறு. அடுத்தடுத்து வரும் இரண்டு ‘ஏ’ நெடில் ஆகாரத்தைக் குறிக்கும். ‘டீ’யும் ‘ஜே’யும் சேர்ந்தால் நம் ‘ச்ச’வுக்கு நெருங்கிய ஒலி வரும். இந்தோனேசியாவிலும் டச்சுக்காரர்கள் இதே முறையைக் கையாண்டார்கள்: ஜாவாவின் சிலாசாப் நகரத்தின் பெயர், 1972இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை ‘டீ-ஜே’ என்றே தொடங்கியது.

ஆகவே, இந்த எழுத்துக்கூட்டலே ஒரு சான்றாகிறது. பெயர் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில், டச்சு மொழியில் எழுதப் பழகிய ஒருவரின் கையால் தாளில் நிலைபெற்றிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1656இல் போர்த்துக்கீசரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது. 1796இல் ஆங்கிலேயரிடம் இழந்தது. நாம் தேட வேண்டிய கால எல்லை இந்த 140 ஆண்டுகள்தான் என்பது, ஓர் ஆவணத்தைக்கூடத் திறக்காமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. டச்சு மொழியில் ஒரு சொல்லின் சிறுமையையோ செல்லத்தையோ குறிக்கும் விகுதிகளில் ஒன்றும் ‘டீ, ஜே, இ’ என்ற இதே மூன்று எழுத்துகளில்தான் எழுதப்படும். கேட்ட பெயரைத் தமக்குப் பழகிய ஈற்றோடு எழுதுவது எழுத்தருக்கு எளிதாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்து, இந்தப் பெயர் எப்படியெல்லாம் பிழைபட எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். இரண்டு ‘ஏ’யில் ஒன்று விடுபடலாம், ‘ஜே’யை ‘ஐ’ என்றோ ‘ஒய்’ என்றோ படித்திருக்கலாம், ஈற்றெழுத்து ‘இ’க்குப் பதில் ‘ஐ’ ஆகியிருக்கலாம், ஆங்கிலேயர் ஆட்சியில் ‘டீ-ஜே’ என்பது ‘சி-எச்’ ஆகியிருக்கலாம். தேடுதளங்கள் பலவற்றில் எழுத்துக்குப் பதிலாக உடுக்குறி (*) இட்டுத் தேடும் வசதி இருக்கிறது. பெயரின் முதல் நான்கு எழுத்தை மட்டும் கொடுத்து மீதிக்கு உடுக்குறி இடுங்கள். சரியான எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடுகிறவர் கண்ணில் படாத பதிவுகள் அப்போது வெளிவரும்.

படி 2: குடும்ப மரபுக்கதையைக் கேளுங்கள், ஆனால் தனியாக எழுதிவையுங்கள்

ஒண்டாச்சி குடும்பத்தின் மரபுப்படி, தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த மைக்கேல் ஜூரி ஒண்டாச்சி என்னும் வைத்தியர் 1659இல் கொழும்புக்கு வந்தார். அப்போது ஒல்லாந்த ஆளுநராக இருந்தவர் அட்ரியான் வான் டெர் மெய்டன். ஆளுநரின் வீட்டார் ஒருவரின் நோயைத் தீர்ப்பதற்காக அழைக்கப்பட்ட வைத்தியர், கொழும்பிலேயே தங்கிவிட்டார் என்பது கதை.

இதை ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். ஆளுநரின் பெயர், அவர் பதவி வகித்த காலம், கம்பெனியின் ஆட்சி ஆகியவை வரலாற்று நூல்களைக் கொண்டே சரிபார்க்கக்கூடியவை. அவை முதல் பத்திக்கு உரியவை. வைத்தியர் வந்த ஆண்டும் அவருடைய பதவியும் கம்பெனி ஆவணங்களில் தேட வேண்டியவை. அவை இரண்டாம் பத்தி. நோய், சிகிச்சை, நன்றிக்கடன் போன்றவை மூன்றாம் பத்தி. இந்த மூன்றாம் பத்தியை அழித்துவிடக் கூடாது. ஒரு குடும்பம் தன்னை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதற்கு அதுவும் சாட்சிதான். ஆனால் அது மற்ற இரண்டோடும் கலந்துவிடவும் கூடாது.

தமிழ் அறிந்தவருக்கு இங்கே ஒரு சோதனை வரும். பெயரை ‘ஒன்று’ என்றும் ‘ஆட்சி’ என்றும் பிரிக்கலாமே, ‘ஆச்சி’யோடு சேர்க்கலாமே என்று மனம் தாவும். குடும்பத்தார் தங்கள் மூலப்பெயரின் வடிவம் ‘ஒண்டாச்சி’ என்று சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த வடிவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பிரித்துப் பொருள் சொல்ல வேண்டுமானால், அதே பெயர் தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட ஓர் ஆவணமாவது கையில் இருக்க வேண்டும்.

படி 3: பதிவேடுகளில் பின்னோக்கிச் செல்லுங்கள்

பெயர் ஆய்வில் தொடக்கக்காரர்கள் முதல் மூதாதையிடமிருந்து கீழே இறங்கி வர முயல்வார்கள். அந்தத் திசை தவறானது. இன்றைக்கு உறுதியாகத் தெரிந்த ஒருவரிடம் தொடங்கி, பிறப்புப் பதிவிலிருந்து பெற்றோரின் திருமணப் பதிவு, அதிலிருந்து அவர்களுடைய பிறப்புப் பதிவு என ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னே செல்ல வேண்டும். ஒரு தலைமுறைக்குச் சராசரியாக 30 ஆண்டு என்று கொண்டால், 1659இலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 12 தலைமுறைகள் வருகின்றன. உங்கள் கொடிவழியில் (வம்சாவளிப் பட்டியலில்) ஏழு தலைமுறைகளோ பதினெட்டுத் தலைமுறைகளோ வந்தால், எங்கோ இரண்டு பேர் ஒருவராகியிருக்கிறார்கள் அல்லது ஒருவர் இருவராகியிருக்கிறார் என்று சந்தேகப்பட வேண்டும்.

இலங்கையைப் பொறுத்தவரை, ஆய்வாளருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற தோம்புகள், அதாவது பதிவேடுகள். காணித் தோம்பில் நிலமும், தலைத் தோம்பில் குடும்பத்தாரும் பதிவானார்கள். பள்ளித் தோம்பில் ஞானஸ்நானமும் திருமணமும் எழுதப்பட்டன. இவை கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கம்பெனியின் மற்ற ஆவணங்களோடு பாதுகாக்கப்படுகின்றன. கம்பெனியின் ஆவணத் தொகுதி 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இடம்பெற்றது. 1757இல் திறக்கப்பட்ட கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்தின் பதிவேடுகளும் கல்லறைக் கற்களும் இன்னொரு வாயில். டச்சு மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஞானஸ்நானப் பதிவில் தந்தை, தாய், குழந்தை, சாட்சி என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால், பத்துப் பதிவுகளைப் பார்த்ததும் பதினொன்றாவது தானாகப் புரியும்.

பதிவைப் படிக்கும்போது குடும்பப்பெயரை மட்டும் பார்க்காமல், அதோடு வரும் ஞானஸ்நானப் பெயர்களையும் கவனியுங்கள். ஒண்டாச்சி குடும்பத்தில் ‘ஜூரி’, ‘யூரியான்’ என்ற பெயர் தலைமுறைதோறும் தலைகாட்டுகிறது. கொழும்பில் போதகராக இருந்த வில்லெம் யூரியான் ஒண்டாச்சி, ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஹெர்மினா குவின்ட் என்பவரை மணந்தார். அவர்களுடைய மகன் 1758இல் கொழும்பில் பிறந்தபோது வைக்கப்பட்ட பெயர், பீட்டர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாச்சி. இந்த ஒரே பெயரில் முன்னோர் பெயரும் இருக்கிறது, தாயின் குடும்பப்பெயரும் இருக்கிறது. நெதர்லாந்துக்குப் படிக்கச் சென்ற அவர், 1780களில் உட்ரெக்ட் நகரில், ஆரஞ்சு இளவரசரின் அதிகாரத்தை எதிர்த்த தேசபக்தர் இயக்கத்தின் முன்னணித் தலைவரானார். 1787இல் பிரஷ்யப் படை புகுந்து அந்த இயக்கத்தை ஒடுக்கியதும் நாட்டைவிட்டு வெளியேறினார். 1818இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இறந்தார். டச்சு அரசியல் வரலாற்றில் அவரை ‘குவின்ட் ஒண்டாச்சி’ என்றே அழைக்கிறார்கள். அந்த நாட்டுச் சுட்டிகளில் ‘ஓ’ வரிசையில் கிடைக்காத ஒண்டாச்சி, ‘கியூ’ வரிசையில் கிடைக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய டச்சு பர்கர் யூனியன், பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்த இலங்கையர்) குடும்பங்களின் கொடிவழிகளைத் தன் இதழில் ஆண்டுக்கணக்காக வெளியிட்டது. அவை பெரும்பணி, நன்றியோடு பயன்படுத்த வேண்டியவை. ஆயினும் ஐரோப்பிய ஆண்வழி மூதாதையை நிறுவுவதே அச்சங்கத்தின் உறுப்புரிமைக்கு அடிப்படையாக இருந்தது. வெள்ளையருக்கு முன்னுரிமை தந்த காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர விரும்பியோருக்கும் இத்தகைய சான்றுகள் தேவைப்பட்டன. எனவே சிங்கள, தமிழ்த் தாய்மார்களின் பெயர்கள் இவ்வகைக் கொடிவழிகளில் மங்கிப்போக வாய்ப்புண்டு. அச்சில் வந்ததாயினும், மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 4: வேர் ஒன்றா, பலவா?

தூத்துக்குடிக் கடற்கரையிலும் இலங்கையின் மேற்குக் கரையிலும் ‘பெர்னாண்டோ’ என்ற பெயரைத் தெருவுக்குத் தெரு கேட்கலாம். போர்த்துக்கீசர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற எண்ணற்ற குடும்பங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றியே அந்தப் பெயரை ஏற்றன. அதற்கு ஒற்றை வேர் தேடுவது வீண். ஒண்டாச்சி போன்ற அரிய பெயரில் எதிர்பார்ப்பு வேறு: அதைத் தாங்குவோர் அனைவரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களாக இருக்கக்கூடும். இதைச் சோதிக்க, உங்களுக்குக் கிடைத்த ஒவ்வொரு பெயரையும் கொடிவழியில் ஏதாவது ஒரு கிளையில் பொருத்திப் பாருங்கள். பொருந்தாதவர்களைத் தனித்தாளில் வையுங்கள். அந்தத் தனித்தாள் நாளடைவில் சுருங்கினால் வேர் ஒன்று. வளர்ந்துகொண்டே போனால் பல.

மரபணுச் சோதனையும் இங்கே உதவும். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் நிறமூர்த்தம் (குரோமோசோம்), குடும்பப்பெயர் செல்லும் அதே பாதையில் செல்கிறது. தலைமுறைதோறும் ஐரோப்பியத் தாய்மார்கள் வந்திருந்தாலும், ஆண்வழியின் அடையாளம் அதனால் மாறுவதில்லை. வெவ்வேறு நாட்டிலுள்ள இரண்டு கிளைகளைச் சேர்ந்த ஆண்கள், தம் விருப்பத்தோடு சோதித்துக்கொண்டால், கிளைகளின் உறவு தெளிவாகும்.

படி 5: எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள்

நாட்டுக்கு நாடு கணக்கெடுப்பு முறை வேறுபடுவதால், இந்தப் படிக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனவாரியாகவே வெளியிடப்படுகிறது, குடும்பப்பெயர்வாரியாக இல்லை. 2012 கணக்கெடுப்பில் பறங்கியர் மொத்த மக்கள்தொகையில் 0.2 விழுக்காட்டளவே இருந்தார்கள் என்பது சூழலைப் புரிந்துகொள்ள உதவுமே தவிர, ஒரு பெயருக்கு எண் தராது. நெதர்லாந்தின் குடும்பப்பெயர்த் தரவுத்தளம் 1947, 2007 ஆகிய இரு ஆண்டுகளுக்கான எண்ணிக்கையைத் தருகிறது; ஐந்துக்குக் குறைவாக இருந்தால் சரியான எண்ணைக் காட்டாது. அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்புப் பட்டியலில் 100 பேரோ அதற்கு மேலோ தாங்கும் பெயர்கள் மட்டுமே உண்டு. அப்படியும் அதில் 1,62,253 பெயர்கள் இருக்கின்றன. உங்கள் பெயர் அங்கே இல்லையென்றால், அந்த நாட்டில் யாருமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நூற்றுக்கும் குறைவு என்று எழுதுங்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்புப் படிவங்கள் 1921 வரை பொதுப் பார்வைக்கு வந்துவிட்டன. கனடாவில் 1931 வரை. ஆனால் மைக்கேல் ஒண்டாச்சி 1954இல் இங்கிலாந்துக்கும் 1962இல் கனடாவுக்கும் சென்றவர். அவருடைய அண்ணன் கிறிஸ்டோபர் 1956இல் கனடாவுக்குச் சென்றவர். இவர்கள் தலைமுறைக் குடியேற்றத்தை அந்தப் பழைய படிவங்களில் தேடுவது பயனற்றது. குடிவரவுப் பதிவு, நாளிதழ் அறிவிப்பு, தொலைபேசிக் கையேடு ஆகியவையே வழி. ஆஸ்திரேலியாவில் கணக்கெடுப்புப் படிவங்களை நெடுங்காலம் அழித்துவந்தார்கள் என்பதால், அங்கே வாக்காளர் பட்டியலை நம்ப வேண்டியிருக்கிறது. உலக அளவில் ‘இத்தனை பேர்’ என்று ஒரே எண்ணைத் தரும் இணையதளங்கள் பலவும் மதிப்பீட்டையே தருகின்றன. சில நூறு பேர் மட்டுமே உள்ள பெயருக்கு அந்த மதிப்பீடு பாதியளவுகூடத் தவறலாம்.

எண்ணும்போது, பிறப்பால் பெயர் பெற்றவர்களையும் திருமணத்தால் பெற்றவர்களையும் வெவ்வேறு வரிசையில் எழுதுங்கள். கனடிய ஓவியர் கிம் ஒண்டாச்சி, திருமணத்தால் அந்தப் பெயரைப் பெற்றவர். இன்று பெயரைத் தாங்குவோர் கணக்கில் அவருக்கு இடமுண்டு, 1659இன் வழித்தோன்றல்கள் கணக்கில் இல்லை. அதுபோலவே, மணமாகிப் பெயர் மாறிய மகள்கள் இரண்டாம் கணக்கில் உண்டு, முதலாவதில் இல்லை. இவ்விரண்டையும் குழப்புவதால்தான் பல கட்டுரைகளில் எண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

புகழ்பெற்ற பெயர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் 2000இல் திறக்கப்பட்ட ஒரு பகுதிக்கும், 2004 முதல் வழங்கப்படும் ஓர் இலக்கியப் பரிசுக்கும் ஒண்டாச்சி என்று பெயர். தேடுபொறியில் வரும் முடிவுகளின் அளவைக் கண்டு, பெயர் பரவலானது என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 6: எழுதி வெளியிடுங்கள்

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் ஆண்டையும் அது எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்பதையும் குறியுங்கள். உயிரோடிருப்பவர்களின் பிறந்த நாள், முகவரி, மரபணு விவரம் எதையும் பொதுவில் வைக்காதீர்கள். பெயர் அரிதானது என்பதால், ஊரையும் வயதையும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும். பொதுவாழ்வில் இல்லாதவர்களில், இறந்தவர்களையும் பிறந்து நூறாண்டு கடந்தவர்களையும் மட்டும் பெயர் சொல்லி எழுதுவது பாதுகாப்பான வரம்பு. கொடிவழியில் பொருந்தாதவர்களின் தனித்தாளையும், அவர்கள் உயிரோடிருந்தால் பெயர்களை மறைத்து, ஊரும் நூற்றாண்டும் மட்டும் தெரியும்படி வெளியிடுங்கள். விடுபட்ட கிளையைச் சேர்ந்த ஒருவர் என்றேனும் அதைப் பார்த்து உங்களுக்கு எழுதினால், மூன்றாம் படிக்குத் திரும்பி அவருடைய பாட்டனாரின் திருமணப் பதிவிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.