மலாக்காவைச் சுற்றிப் பார்க்க ஒரு வரிசை

எங்கள் வீடு மலேசியாவில், மலாக்கா நகரை ஒட்டிய ஆயர் குரோவில். பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், கிள்ளானிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். சில வருடம் தமிழ்நாட்டிலிருந்தும் வருவார்கள். வண்டி ஓட்டுவது வீட்டுக்காரர், ஊரைக் காட்டுவது நான். செய்ய வேண்டிய தப்பையெல்லாம் செய்து முடித்துவிட்டதால், இப்போது கையில் ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் கிழமை. சனிக்கிழமை வராதீர்கள். கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான் என்பதால் அன்று கூட்டம் தாங்காது. செவ்வாயும் வேண்டாம், ஜோங்கர் தெருவில் பல கடைகள் அடைத்திருக்கும். அங்கே இரவுச் சந்தை நடப்பது வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில். ஆகவே வியாழன் வந்து, வெள்ளி மாலை சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்புவதுதான் என் கணக்கு.

அடுத்தது நேரம். உடன்குடியிலிருந்து வந்த மாமாவை முதல் தடவை உச்சி வெயிலில் செயின்ட் பால் குன்றில் ஏற்றிவிட்டேன். பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க ஊரு வெயில் காயவைக்கும், இது அவிக்குதே தாயி" என்றார். அன்றிலிருந்து எல்லாரையும் ஏழு மணிக்கே பசியாற வைத்து, எட்டு மணிக்குக் கோட்டை வாசலில் நிறுத்திவிடுகிறேன்.

போர்த்துகீசியர் 1511-இல் ஊரைப் பிடித்துக் கட்டிய ஆ ஃபமோசா கோட்டையில் எஞ்சி நிற்பது இந்த வாசல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் மதிலை இடித்தபோது இது மட்டும் தப்பியது. அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டு ஓடாமல் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். மேலே செதுக்கியிருப்பது போர்த்துகீசியச் சின்னம் இல்லை. 1670 என்ற ஆண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையும் தெரியும். 1641-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் அடுத்தவன் கட்டிய வாசலில் தங்கள் பேரைப் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது வாசலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எதிரே திடல், அதற்கு அப்பால் பேரங்காடிகள். அந்தப் பக்கம் இருப்பது கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அந்தக் காலத்தில் இங்கே நின்றால் அலைச் சத்தம் கேட்டிருக்கும். நான் வரிசையை இங்கிருந்து தொடங்குவது இதற்காகத்தான். கடல் எங்கே இருந்தது என்று தெரியாமல் சுற்றினால், சிவப்புக் கட்டடமும் கடைத்தெருவும்தான் மலாக்கா என்று நினைத்துவிடுவீர்கள். குஜராத்திகளையும் தமிழர்களையும் ஒரு பருவக்காற்று கொண்டுவந்து சேர்த்தது, சீனர்களை இன்னொரு காற்று. திரும்பிப் போகக் காற்று மாறும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களில் சிலர் இங்கேயே கல்யாணம் செய்து, வீடு கட்டி, கோயிலும் கட்டினார்கள். அந்தக் காலத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகத் தோமே பிரஸ் என்ற போர்த்துகீசியர் எழுதி வைத்திருக்கிறார்.

வாசலின் பின்னாலேயே செயின்ட் பால் குன்றுக்குப் படி. மேலே 1521-இல் தொடங்கிய தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. புனித சவேரியாரின் உடலை 1553-இல் கோவாவுக்குக் கொண்டு போவதற்கு முன்பு சில மாதம் இங்கேதான் புதைத்து வைத்திருந்தார்கள். வெளியே நிற்கும் அவர் சிலைக்கு வலது கை இல்லை, மரம் விழுந்து உடைந்தது என்பார்கள். உள்ளே ஆள் உயர டச்சுக் கல்லறைப் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். விரலால் தடவினால் எழுத்துகள் இன்னும் கூர்மையாகவே இருக்கும்.

மறுபக்கம் இறங்கினால் சிவப்புச் சதுக்கம். 1753-இல் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயம் திறந்திருந்தால் உள்ளே போய் உத்தரங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒட்டுப் போடாத ஒரே மரம். வெளியே ஹெலோ கிட்டி பொம்மை கட்டி, பாட்டை அலற விட்டு நிற்கும் பெச்சா என்ற மூன்று சக்கர மிதிவண்டிகளில் குழந்தைகள் ஏறியே தீருவார்கள். ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள். அருங்காட்சியகங்கள் நிறைய உண்டு, எனக்குப் பொறுமை கிடையாது. ஒன்றே ஒன்று போதும் என்றால் ஆற்றோரக் கடல்சார் அருங்காட்சியகம். 1511-இல் மலாக்காவில் கொள்ளையடித்த பொருளோடு சுமத்ரா கரையோரம் மூழ்கிப்போன ஃப்ளோர் டி லா மார் கப்பலைப் போலவே அதைக் கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் பாலத்தைக் கடங்கள். ஊரை இரண்டாகப் பிரிக்கும் இந்த ஆற்றின் மேல் அன்று இருந்த பாலத்துக்காகத்தான் 1511-இல் பெரிய சண்டை நடந்தது. கடந்ததும் எல்லாரும் நேரே ஜோங்கருக்குள் நுழைவார்கள். நீங்கள் அடுத்த தெருவுக்கு, தங்க ஆசாரிகளின் பெயர் கொண்ட ஜாலான் துக்காங் எமாஸுக்குப் போங்கள். எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த இடம் அதுதான்.

முதலில் பொய்யாத விநாயகர் கோயில். டச்சுக்காரர்கள் தெய்வநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுந்தது. உச்சிக்காலத்துக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள். சில அடி தள்ளி 1748-இல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். மினாரா சீனப் பகோடா மாதிரி அடுக்கடுக்காக ஏறும், கூரை ஜாவாப் பாணியில் மூன்று தட்டு. உள்ளே ஐரோப்பியத் தூண்களும் கண்ணாடிச் சரவிளக்கும். கிளிங் என்பது இன்று இந்தியர்களை இழிவாகச் சொல்லும் சொல், எவராவது நம் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைதான் வரும். அன்று அது நம் கரையிலிருந்து வந்த வணிகர்களைக் குறித்த பெயர். தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள், பெண்கள் ஒரு சால்வை எடுத்துக்கொள்வது நல்லது. இன்னும் கொஞ்சம் நடந்தால் பதினேழாம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில். அதன் கூரை முகட்டில் உள்ள பூவும் பறவையும் உடைந்த பீங்கான் சில்லுகளை வெட்டி ஒட்டியவை.

மதியம் வெயில் தணியும் வரை படுத்து எழுந்து, காரில் காஜா பெராங் பக்கம் கம்போங் செட்டிக்குப் போங்கள். மலாக்காச் செட்டிகள் அந்தப் பழைய தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா என்ற மலாய் மேற்சட்டை, கும்பிடுவது மாரியம்மனை. போகியன்று முன்னோருக்குப் படையல் போடுவார்கள். கோயில் வாசலில் ஒரு பாட்டியிடம் மாமா தமிழில் பேச்சுக் கொடுக்க, அவர் மலாயில் பதில் சொல்ல, இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். நான் மொழிபெயர்க்கப் போனேன், வேண்டாம் என்று மாமா கையைக் காட்டிவிட்டார்.

ஆற்றுப் படகுக்கு ஆறரை மணி வாக்கில் ஏறுங்கள். முக்கால் மணி நேரப் பயணம். போகும்போது வெளிச்சத்தில் கரையில் கிடக்கும் உடும்புகளையும் கம்போங் மோர்டன் மலாய் வீடுகளையும் பார்க்கலாம், திரும்பும்போது விளக்கு போட்டிருப்பார்கள்.

சாப்பாட்டில் கோழிச்சோற்று உருண்டை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, வரிசையில் நிற்பவர்கள் மன்னிக்கவும். புளிப்பும் காரமுமான அசாம் பெடாஸ் மீன் குழம்பையும், தேங்காய்ப்பாலும் ஐஸும் சேர்த்த செண்டோல் இனிப்பையும் விடாதீர்கள். செண்டோலின் மேல் ஊற்றும் பாகுதான் குலா மலாக்கா. வீட்டுக்கு வாங்கும்போது மூங்கிலில் வார்த்த உருளையாகப் பார்த்து, நகத்தால் கீறிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்து லேசாகப் புகை மணம் வந்தால் சரி, கல் மாதிரி இருந்தால் சீனி கலந்தது. மாமா ஒரு துண்டை வாயில் போட்டு, "கருப்பட்டிதானே, ஆனா பனை இல்லையே" என்றார். தென்னை என்றேன். நான்கு உருளை வாங்கினார்.