டிரக் பதிவை ஏஜென்ட்டிடம் கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் சரக்கு டிரக்குக்கு ஒரே நம்பர் பிளேட் போதும். அதற்கு வழி செய்வது ஐ.ஆர்.பி. (இன்டர்நேஷனல் ரெஜிஸ்ட்ரேஷன் பிளான்) என்ற வண்டிப் பதிவு ஒப்பந்தம். அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக 48 மாநிலங்கள், வாஷிங்டன் டி.சி., கனடாவின் 10 மாகாணங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. சொந்த மாநிலத்தில் பதிவு செய்தால், எங்கே எத்தனை மைல் ஓடியதோ அந்த விகிதத்தில் கட்டணம் பிரிந்து போகும். சில மாநிலங்களில் இந்த வேலையை அரசின் கணினியோடு இணைந்த தனியார் நிறுவனங்களும் ஏஜென்ட்டாக இருந்து செய்கின்றன. வரிசையில் நிற்காமல் பிளேட்டும் கேப் கார்டும் (வண்டியில் வைத்திருக்க வேண்டிய பதிவு அட்டை) கைக்கு வருவது பெரிய உதவிதான். ஆனால் விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர். ஆடிட் வந்தால் கேள்வியும் உங்களிடம்தான்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மைல் கணக்கில். போன வருடத்து எண்ணையே ஏஜென்ட் திரும்பப் போட்டுவிடுவார், அல்லது "சுமாராக எவ்வளவு?" என்று போனில் கேட்டு முழு எண்ணாக எழுதிக்கொள்வார். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவிலிருந்து அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்குச் சரக்கு ஏற்றிப் போய்க் காலியாகத் திரும்பிய வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். லோடு போன மைலை மட்டும் எழுதினால் கணக்கு பாதிதான்; காலி ஓட்டமும் சேர வேண்டும், டிரெய்லர் இல்லாமல் ஓடிய தூரமும் சேர வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், போன பாதை, ஓடோமீட்டர் எண், மாநில வாரியான மைல் ஆகியவை இருக்கட்டும். ஜி.பி.எஸ். பதிவு இருந்தால் அதையும் சேமித்து வையுங்கள். ஆவணம் போதாது என்று ஆடிட்டில் முடிவானால் முதல் முறை கட்டணத்தில் 20 சதவீதம் கூடுதலாக விழும். இரண்டாவது முறை 50, அதன் பிறகு 100.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதிலும் தப்புக்கணக்கு உண்டு. மூன்று வருடம் என்றதும் ஓடிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பதிவு ஆண்டு முடிந்த பிறகுதான் அந்த மூன்று வருடம் தொடங்குகிறது. 2025 ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்த பதிவு ஆண்டுக்கு அடிப்படை 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை ஓடிய மைல். ஆக, 2023 ஜூலையின் டிரிப் ஷீட் (பயணக் குறிப்பு) 2028 டிசம்பர் வரை உங்களிடம் இருக்க வேண்டும்! அதற்குள் ஏஜென்ட் கடையை மூடிவிட்டால்? நகல் உங்கள் கையில் இல்லாவிட்டால் கதி இல்லை. ஏஜென்ட்டை மாற்றும்போதும் கோப்பு முழுவதையும் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"இன்னொரு மாநிலம் சேர்க்கணும், தனியாகப் பணம் கொடுங்கள்" என்று யாராவது கேட்டால் உஷாராகுங்கள். 2015 முதல் ஒப்பந்தத்தில் உள்ள எல்லாப் பகுதிகளும் கேப் கார்டில் தானாகவே வந்துவிடுகின்றன. ரசீதில் அரசுக் கட்டணம் ஒரு வரியிலும் ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம் வேறு வரியிலும் இருக்க வேண்டும். மொத்தமாக ஒரே தொகை எழுதித் தருபவரிடம் நான் வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

எரிபொருள் வரிக்கான இஃப்டா வேறு வேலை. அது காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்வது. பதிவு முடிந்ததும் அதுவும் முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

சின்னப் பிழையும் பதிவை நிறுத்திவிடும். 55,000 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிக்கு 2290 படிவ வரி (கனரக வண்டிகளுக்கான மத்திய அரசு வரி) கட்டிய சான்று வேண்டும், அதில் வி.ஐ.என். எனப்படும் வண்டியின் அடையாள எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மத்தியப் போக்குவரத்துத் துறை நிறுவனத்துக்குத் தரும் யு.எஸ்.டாட் எண்ணின் விவரங்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதிலும் பதிவிலும் நிறுவனத்தின் பெயர் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். ஏஜென்ட் 'சமர்ப்பி' பட்டனை அழுத்துவதற்கு முன் திரையின் நகலை அனுப்பச் சொல்லி, இந்த மூன்றையும் நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.