பி123 கொண்டு நுண்துளை டைட்டானியா செய்யும் முறை

1992-இல் மொபில் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட எம்.சி.எம்.-41 சிலிக்காவில் துளைகள் தேன்கூடுபோல் ஒழுங்காக அமைந்திருந்தாலும், துளைகளுக்கு இடையிலான சுவர்கள் கண்ணாடியைப் போலப் படிக ஒழுங்கு அற்றவை. சுவரிலும் படிகம் வேண்டுவோர்க்கு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் வேதியியலாளர் ஸ்டக்கியின் குழுவினர் 1998-இல் வெளியிட்ட வழியையே நான் பரிந்துரைப்பேன். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் சாயநீரில், ஒளி பட்டால் வினையைத் தூண்டும் ஒளியூக்கியாக டைட்டானியாவை (டைட்டேனியம் டை ஆக்சைடு) சோதிக்க எண்ணும் வேலூர் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

துளைகளுக்கு அச்சாக நிற்கும் பி123 என்னும் சர்ஃபாக்டன்ட் (நீரை விரும்பும் பகுதியும் விரும்பாத பகுதியும் கொண்ட சேர்மம்) பசைபோல் இருக்கும். அதில் 1 கிராமை 10 கிராம் நீரற்ற எத்தனாலில் கரைக்கவும். பின்பு புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹுட்டினுள், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, 0.01 மோல், அதாவது சுமார் 1.1 மில்லி லிட்டர் டைட்டேனியம் டெட்ராகுளோரைடைத் துளித்துளியாகச் சேர்த்து, அரை மணி நேரம் வேகமாகக் கலக்கவும். குளோரைடு எத்தனாலோடு வினைபுரிந்து வெளிவிடும் ஹைட்ரஜன் குளோரைடுதான் டைட்டானியா அவசரமாகத் திரண்டுவிடாமல் தடுக்கிறது.

இம்முறையில் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் தண்ணீரே. எத்தனால் ஆவியாக ஆவியாகச் சர்ஃபாக்டன்டின் செறிவு கூடி, அதன் மூலக்கூறுகள் மிசெல்கள் எனப்படும் உருளைத் திரள்களாகத் தாமே அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்கு அமைவதற்குள் மிகுதியான ஈரம் புகுந்தால், டைட்டானியா அந்த மிசெல் அச்சைச் சுற்றி நில்லாமல் வெண்பொடியாக வீழ்ந்துவிடும். ஆகவே குழாய்நீரில் கழுவிய கண்ணாடிக் கலங்களை வாலைவடிநீரில் அலசி, 110 டிகிரி செல்சியஸில் உலர்த்திய பின்னரே பயன்படுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் குளோரைடுப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

கரைசலைத் திறந்த பெட்ரி தட்டில் ஊற்றி, 40 டிகிரியில் 1 முதல் 7 நாள் வரை கூழாக விடவும். கத்திரி வெயிலில் நம் அறையே அந்தச் சூட்டை எட்டிவிடுகிறது என்று மின்விசிறிக்கு அடியில் வைப்பது தவறு. மேற்பரப்பு மட்டும் முந்தி உலர்ந்து வெடிப்பு விடும். வேலூர் அருகே உள்ள கரிகிரிக் குயவர் பச்சைப் பானையை உடனே சூளையில் ஏற்றுவாரா?

அதே பொறுமை, கூழைச் சுடும் மஃபிள் உலை என்னும் மூடிய மின்உலையிலும் தேவை. நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் காற்றில் 400 டிகிரிக்கு உயர்த்தி, 5 மணி நேரம் வைத்தால், பி123 எரிந்து வெளியேறும். சுவருக்குள் நானோ அளவில் டைட்டானியாவின் ஒரு படிக வடிவமான அனட்டேஸ் படிகங்கள் தோன்றும், எஞ்சிய பகுதி படிகமாகாமலே இருக்கும். முழுவதும் படிகமாகட்டும் என்று வெப்பத்தை மிகவும் கூட்டினால், படிகங்கள் சுவரின் தடிமனை மீறி வளர்ந்து துளைகளைச் சிதைத்துவிடும்.

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில், தாமிரக் கதிருக்கு 25.3 டிகிரி கோணத்தில் (2θ) அனட்டேஸ் முகடு தெரிய வேண்டும். சிறுகோணத்தில் தெரியும் முகடு துளைகளின் ஒழுங்கைக் காட்டும். முன்னது மட்டும் கூராகத் தெரிந்து பின்னது மறைந்திருந்தால், அடுத்த தட்டை இன்னும் குறைந்த வெப்பத்தில் சுடவும்.