இத்தாலியின் பழைய வண்ணப் பிளாஸ்டிக் பாத்திரங்கள்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

வாங்கக் கிளம்பும் முன் வீட்டு அலமாரியில் மெலமைன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த தட்டு ஒன்று இருந்தால் எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். அடுத்து, மளிகை போட்டு வைக்கும் சாதாரண பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டுங்கள். தட்டு கிட்டத்தட்ட பீங்கான் போல ஒலிக்கும். டப்பாவில் ‘தொப்’ என்பதற்கு மேல் ஒன்றும் எழாது. இந்த வேறுபாடு காதில் பதிந்தால் பாடத்தில் பாதி முடிந்தது.

இந்தச் சேகரிப்புக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வடிவமைப்பாளர்களின் பெயர்களைத் தேடி ஓடுகிறார்கள். அது தவறான தொடக்கம் என்பது என் எண்ணம். பெயர் அடியில் பொறித்திருக்கும், யாரும் படித்துவிடலாம். கையில் இருப்பது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால் அதன் வயதும் தெரியாது, எப்படிக் கழுவுவது என்றும் தெரியாது.

படி 1: பிளாஸ்டிக்கை அடையாளம் காணுங்கள்

நான்கு வகை தெரிந்தால் போதும்.

முதலாவது அக்ரிலிக். கண்ணாடி போன்ற பளபளப்பு, கையில் நல்ல கனம். இதில் முதலில் தேட வேண்டிய பெயர் குட்சீனி. மார்க்கே பகுதியில் ரெக்கனாத்தி என்ற ஊரில் 1912இல் மாட்டுக் கொம்பில் பொருள்கள் செய்யத் தொடங்கிய குடும்பம் அது. 1938இல் அக்ரிலிக்கில் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார்கள். கொம்பும் சூட்டில் இளகி வளையும், அக்ரிலிக் தகடும் அப்படியே. அதனால் கைப்பழக்கம் அப்படியே உதவியிருக்கும் என்று தோன்றுகிறது. 1950களில் இரு நிறத் தகடுகள் வந்தன. அந்தக் கிண்ணங்களின் விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். உள்நிறமும் வெளிநிறமும் இரண்டு கோடுகளாகத் தெரியும். எனக்கு இந்தச் சேகரிப்பில் மிகப் பிடித்த இடம் அந்த விளிம்புதான்.

இரண்டாவது மெலமைன். ஒளி ஊடுருவாது, சூட்டில் இளகாது, வளைக்கவும் முடியாது. மாசிமோ விக்னெல்லி மிலான் அருகே இருந்த ஆர்ப்பே நிறுவனத்துக்காக வடிவமைத்த அடுக்குத் தட்டுகளும் கிண்ணங்களும் 1964இல் இத்தாலியின் உயர்ந்த வடிவமைப்பு விருதான கொம்பாஸோ தோரோவைப் பெற்றன. செங்குத்தான பக்கங்கள், அலங்காரம் ஏதும் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரே உருளையாக நிற்கும். பிறகு அமெரிக்காவில் ஹெல்லர் நிறுவனம் இவற்றை வானவில் நிறங்களில் விற்றது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இவை இருக்கின்றன.

மூன்றாவது பாலிப்ரொப்பிலீன், அதோடு அதன் உறவான பாலிஎதிலீன். தொட்டால் மெழுகு தடவியது போலிருக்கும், அழுத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பாலிப்ரொப்பிலீன் இத்தாலிக்குச் சொந்தப் பெருமை. மிலானில் ஜூலியோ நாத்தா 1954இல் அதை உருவாக்கினார், 1963இல் கார்ல் ஸீக்லருடன் நோபல் பரிசு பெற்றார். மொந்தேகாத்தினி நிறுவனம் அதற்கு ‘மோப்ளென்’ என்று பெயர் வைத்து விற்றது. நகைச்சுவை நடிகர் ஜீனோ பிராமியேரி தோன்றிய தொலைக்காட்சி விளம்பரங்களால் அந்தப் பெயர் வீட்டுக்கு வீடு பரவியது. நாத்தாவிடம் படித்த வேதிப் பொறியாளர் ஜூலியோ காஸ்தெல்லி 1949இல் தொடங்கியதுதான் கார்ட்டெல் நிறுவனம். அங்கே ஜீனோ கொலம்பீனி வடிவமைத்த மூடி போட்ட பாலிஎதிலீன் வாளி 1955இல் கொம்பாஸோ தோரோ வாங்கியது. ஒரு வாளிக்கு நாட்டின் பெரிய விருது! சமையலறைச் சாமான்களை அவர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நான்காவது பாலிஸ்டைரீன். மெல்லியது, கீழே விழுந்தால் தகரம் போல் ஒலிக்கும், எளிதில் விரிசல் விடும். தொடக்கத்தில் இதைத் தவிர்க்கலாம்.

ஐயம் வந்தால் தண்ணீர்ச் சோதனை. வாளித் தண்ணீரில் பாத்திரத்தைச் சாய்த்து, உள்ளே காற்று இல்லாமல் முழுக்க அமிழ்த்தி விடுங்கள். பாலிப்ரொப்பிலீனும் பாலிஎதிலீனும் மேலே வந்துவிடும், மற்ற மூன்றும் அடியில் தங்கும். கிண்ணத்தை நிமிர்த்தி மிதக்கவிட்டால் எல்லாமே மிதக்கும், அதை நம்பாதீர்கள்.

படி 2: கவிழ்த்துப் பாருங்கள்

நிறுவனப் பெயர் இருந்தால் நல்லது. கார்ட்டெல் பொருள்களில் ‘பினாஸ்கோ, மிலானோ’ என்று இருந்தால் பழைய காலத்தது. பெயரைவிட உதவுபவை சின்னங்கள். அம்புகளால் ஆன முக்கோணத்துக்குள் எண் இருந்தால் அது 1988க்குப் பிந்தியது, ஏனென்றால் அந்தக் குறியீடே அந்த ஆண்டில்தான் வந்தது. கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம் இருந்தால் 1980க்குப் பிந்தியது. ‘1960களின் அசல்’ என்று சொல்லி விற்கும் பொருளில் இந்த இரண்டையும் தேடுங்கள். குறி எதுவுமே இல்லாததால் மட்டும் ஒன்று பழையதாகிவிடாது.

அடியின் நடுவில் சிறு மரு போன்ற தடம் இருந்தால், உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்திச் செய்தது. தகட்டை வளைத்துச் செய்த பழைய அக்ரிலிக்கில் அந்த மரு இருக்காது.

படி 3: எங்கே தேடுவது

இத்தாலிக்குப் போக வாய்த்தால் அரெட்ஸோ நகரின் பழம்பொருள் சந்தை. 1968இலிருந்து நடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும் கூடும். மிலானில் நவீல்யோ கிராந்தே கால்வாய்க் கரையில் மாதத்தின் கடைசி ஞாயிறன்று சந்தை. பீங்கான் பரப்பிய மேசையைவிட, தரையில் அட்டைப்பெட்டி வைத்திருப்பவரிடம் குனிந்து தேடுங்கள். விலை கேட்டபின் “ஸ்கோந்தோ?” என்று ஒரு சொல் போதும், தள்ளுபடி உண்டா என்று பொருள்.

இணையத்தில் வாங்குவதானால் இத்தாலியச் சொற்களை வைத்துத் தேடுங்கள். தட்டுகள் ‘பியாத்தி’ (piatti), கிண்ணம் ‘சோத்தோலா’ (ciotola), எழுபதுகள் ‘அன்னி செத்தாந்தா’ (anni settanta). விற்பவரிடம் அடிப்பக்கப் படமும், விளிம்பைச் சாய்வெளிச்சத்தில் எடுத்த படமும் கேளுங்கள். மயிரிழை வெடிப்பு நேர்வெளிச்சத்தில் தெரியாது.

படி 4: கழுவுதல்

வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி. இவ்வளவுதான்.

என் முதல் அக்ரிலிக் கிண்ணத்தில் ஒட்டியிருந்த பழைய விலைச்சீட்டைப் போக்க ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். சற்று நேரத்தில் அந்த இடம் முழுக்கச் சிலந்தி வலை போல வெடிப்புகள். அவை போகவே போகாது. அக்ரிலிக்குக்கு ஸ்பிரிட், அசிட்டோன், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் ஆகாது. சீட்டைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து நகத்தால் உரியுங்கள்.

மெலமைனில் தேநீர்க் கறை இருந்தால் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, ஊறவைத்துத் துடையுங்கள். குளோரின் பிளீச்சும் கம்பிநாரும் மேல்பளபளப்பைத் தின்றுவிடும்.

படி 5: அதில் சாப்பிடலாமா?

சாப்பிட வேண்டாம் என்பேன். அந்தக் காலத்துச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பிளாஸ்டிக்குகளில் காட்மியம் கலந்த நிறமிகள் பரவலாகப் பயன்பட்டன. மெலமைனில் சூடான, புளிப்பான உணவை வைத்தால் மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் கசியக்கூடும். ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் அது உகந்ததல்ல. மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. தோலுரிக்காத பழங்கள், சாவிக்கொத்து, நூற்கண்டு ஆகியவற்றுக்கு அழகாகப் பொருந்தும்.

படி 6: பத்திரப்படுத்துதல்

அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத் தாள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், வினைல் விரிப்பின் மேலும் வைக்காதீர்கள். வினைலை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் வெளியேறி மற்ற பிளாஸ்டிக்கில் ஒட்டி அதைக் கெடுக்கும். அலமாரி வெயில் படாத சுவரில் இருக்கட்டும், நேர்வெயிலில் பல நிறங்கள் வெளுத்துவிடும்.

ஆனால் ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கின் நிறத்தை வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். நான் ஞாயிறு காலையில் ஒரே ஒரு கிண்ணத்தை எடுத்து ஜன்னலில் வைப்பேன். மேசையில் விழும் ஆரஞ்சு நிழலைப் பார்த்துக்கொண்டே காபி குடித்துவிட்டு, அதைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன்.